கடை, கோடவுன், தறிக்கூடம், விடுதி: சேலத்தில் எல்.இ.டி.க்கு மாறும்போது பார்க்க வேண்டியவை

வேலையின் முதல் நாளில் ஏணி தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, கடைசி ஆறு ஈ.பி. பில்கள் போதும். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு பில் சேர்ந்தால் ஒரு வருடம் முழுதும் கண்ணில் தெரியும். பிறகு மாடி மாடியாக, அறை அறையாக நடந்து ஒவ்வொரு லைட்டுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: என்ன வகை, எத்தனை வாட், உள்ளே என்ன சோக், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எரிகிறது. நான்காவது விவரத்தைத்தான் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

லைட்டின் மேல் அச்சடித்திருக்கும் வாட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். 36 வாட் ட்யூப் லைட்டில் காப்பர் சோக் இருந்தால், சோக்கும் 12 வாட் அளவுக்குத் தின்கிறது. ஆக, ஒரு ஃபிட்டிங்குக்கு 48 வாட். பழைய 40 வாட் தடித்த ட்யூபாக இருந்தால் 52 முதல் 55 வாட் வரை போகும். அதே 36 வாட் ட்யூபில் எலக்ட்ரானிக் சோக் இருந்தால் மொத்தமே 36 வாட்டை ஒட்டித்தான் வரும். மெல்லிய 28 வாட் டி5 ட்யூபாக இருந்தால் ஏறக்குறைய 31 வாட். இதில் எது உங்களிடம் இருக்கிறது என்று கீழே நின்றே சொல்லிவிடலாம். ஸ்டார்ட்டர் இருந்தால், போட்டதும் இரண்டு மூன்று முறை சிமிட்டி எரிந்தால், லேசான உறுமல் கேட்டால் காப்பர் சோக். போட்டவுடன் சிமிட்டாமல் எரிந்தால் எலக்ட்ரானிக்.

20 வாட் எல்.இ.டி. பேட்டன் (ட்யூப் போன்ற நீள வடிவில் வரும் முழு ஃபிட்டிங்) மாட்டினால் காப்பர் சோக் ஃபிட்டிங்கில் 28 வாட் மிச்சம். டி5 ஃபிட்டிங்கில் வெறும் 11 வாட்தான் மிச்சம். வாங்கும் பேட்டன் ஒன்றுதான், கொடுக்கும் காசும் ஒன்றுதான், பலன் மட்டும் இரண்டரை மடங்கு வித்தியாசப்படுகிறது.

மற்ற வகைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 250 வாட் மெட்டல் ஹாலைடு ஹைபே (உயரக் கூரையில் தொங்கும் பெரிய லைட்) சோக்கோடு சேர்த்து 275 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 100 முதல் 120 வாட் எல்.இ.டி. ஹைபே போதும். வாசலிலும் பார்க்கிங்கிலும் இருக்கும் 70 வாட் சோடியம் லைட் 85 வாட் வரை இழுக்கும்; 30 வாட் எல்.இ.டி. அந்த வேலையைச் செய்யும். ஷோகேஸில் இருக்கும் 50 வாட் ஹாலஜனுக்கு 7 வாட் போதும். ஹாலஜன் மிச்சமிருக்கும் கடை எதுவானாலும் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். ஒரே லைட்டில் 43 வாட் மிச்சமாவதோடு, துணி மீதும் நகைப் பெட்டி மீதும் கொட்டும் சூடும் நிற்கும்.

மணிக்கணக்கு எப்படி முடிவை மாற்றுகிறது என்று ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்தக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கடையில் காப்பர் சோக் ட்யூப் 40. ஒரு நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள். இரண்டு மாத பில்லுக்கு 520 மணி நேரம். இப்போது 1,920 வாட் எரிகிறது, அதாவது பில்லுக்கு 998 யூனிட். 20 வாட் பேட்டனுக்கு மாறினால் 416 யூனிட். மிச்சம் 582 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 5,820 ரூபாய். (உங்கள் பில்லில் இருக்கும் கட்டணத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கடைக்கு, தொழிற்சாலைக்கு, விசைத்தறிக்கு எல்லாம் தனித்தனிக் கட்டணம்.) பேட்டனும் மாட்டுக்கூலியும் சேர்ந்து ஒன்றுக்கு 380 ரூபாய் என்று வைத்தால் மொத்தச் செலவு 15,200. மூன்றாவது பில் வருவதற்குள் பணம் திரும்பிவிடும்.

அதே கடையின் பின்பக்கக் கோடவுனில் இருக்கும் பத்து ட்யூபும் ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம்தான் எரிகின்றன. அங்கே ஒரு ட்யூபுக்கு ஒரு பில்லில் மிச்சமாவது ஒன்றரை யூனிட், 15 ரூபாய்கூட இல்லை. 380 ரூபாய் திரும்ப நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே கோடவுன் ட்யூபுகளை இப்போதே கழற்ற வேண்டியதில்லை. எது ஃப்யூஸ் ஆகிறதோ அன்றைக்கு அந்த இடத்தில் எல்.இ.டி. மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பணத்தை இரவு முழுக்க எரியும் வாசல் லைட்டில் போடுங்கள். 70 வாட் சோடியத்தை மாற்றும் ஒவ்வொரு இடத்திலும், இரவில் 12 மணி நேரம் எரிந்தால், ஒரு பில்லுக்கு ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம்.

ஏ.சி. இருக்கும் தளத்தில் இன்னொரு லாபம் சேரும். லைட் விடும் சூட்டையும் ஏ.சி.தான் வெளியே தள்ள வேண்டும். லைட்டில் மூன்று யூனிட் குறைந்தால் ஏ.சி.யில் தோராயமாக ஒரு யூனிட் குறையும். சேலத்து ஏப்ரல், மே மாத வெயிலில் இதைப் பில்லிலேயே பார்க்கலாம்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்

ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றுவது எளிது. ஆனால் பழைய எண்ணிக்கை சரியாக இருந்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல கடைகளில் இருட்டாகத் தெரிந்த மூலையிலெல்லாம் ஒவ்வொரு ட்யூபாகச் சேர்த்துக்கொண்டே வந்திருப்பார்கள். ஒரு தடவை கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

லைட் விடும் மொத்த வெளிச்சம் லூமன்; ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன் லக்ஸ். அலுவலக மேசைக்கும் கடைக்கும் 300 முதல் 500 லக்ஸ், நடைபாதைக்கும் கோடவுனுக்கும் 100, படிக்கட்டுக்கு 150. நகை, கொலுசு போன்ற நுண்வேலை மேசையில் 750க்கு மேல் வேண்டும். 20 அடிக்கு 30 அடி கடை என்றால் ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமென்றால் மேசை மட்டத்தில் 16,700 லூமன் விழ வேண்டும். சுவரும் கூரையும் கொஞ்சம் உறிஞ்சும், தூசியும் வயதும் கொஞ்சம் குறைக்கும். இரண்டுக்கும் சேர்த்து 0.48ஆல் வகுத்தால் 34,800 லூமன். வாட்டுக்கு 100 லூமன் தரும் 20 வாட் பேட்டன் 2,000 லூமன் தரும். ஆக, 18 பேட்டன். அங்கே இப்போது 24 ட்யூப் இருந்தால் ஆறைக் குறைத்துவிடலாம். அந்த மிச்சம் முழு மிச்சம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும், தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் லக்ஸ் மீட்டர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மொபைல் ஆப் எண்ணைச் சரியாகச் சொல்லாது. ஆனால் ஒரே மொபைலில் முன்னும் பின்னும் ஒப்பிட உதவும்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். பழைய ட்யூப் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். எல்.இ.டி. பேட்டன் கீழ்நோக்கியே விடும். கூரை வரை தட்டு அடித்த மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் மாற்றிய மறுநாளே "மேல் தட்டு தெரியவில்லை" என்ற புகார் வரும். அங்கே வாட்டைக் கூட்டுவதால் பயனில்லை. பேட்டனைத் தட்டுக்கு நேர்மேலே வைக்காமல், நடைபாதையின் நடுவே, தட்டின் முகத்தில் வெளிச்சம் சாய்ந்து விழும்படி தள்ளி வைக்க வேண்டும்.

நிறம் பற்றி. வெளிச்சம் எவ்வளவு வெண்மை என்பது கெல்வின். பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பது சி.ஆர்.ஐ. இரண்டும் வேறு வேறு. இளம்பிள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு நிறம் பார்க்க வாசல் வெயிலுக்குப் போகும் வாடிக்கையாளர் இருந்தால், உங்கள் லைட்டில் சி.ஆர்.ஐ. போதவில்லை என்று பொருள். ஜவுளிக்கு 90க்கு மேல் வாங்குங்கள், 4000 கெல்வினில். மற்ற கடைகளுக்கு 80 போதும். வெள்ளிக்கு 6500 நன்றாக இருக்கும், தங்கத்துக்கும் உணவகத்துக்கும் 3000. ஒரே தளத்தில் மாட்டும் எல்லாவற்றையும் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் பார்த்து ஒன்றாக வாங்குங்கள். கூடவே நூற்றுக்கு மூன்று என்று உபரியும் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வாங்கினால் அதே மாடலிலும் வெண்மை சற்று மாறித் தெரியும்.

சாவது எல்.இ.டி. இல்லை, டிரைவர்

பெட்டியில் 25,000 மணி நேரம், 50,000 மணி நேரம் என்று எழுதியிருப்பது எல்.இ.டி. சில்லின் ஆயுள். உள்ளே 230 வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவரில் கெப்பாசிட்டர் இருக்கிறது. அதன் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சேலத்தில் எல்.இ.டி. ஏமாற்றிவிட்டது என்று சொல்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும்: சிமெண்ட் ஷீட் கூரையின் சூடு, நியூட்ரல் கோளாறு, பஞ்சுத் தூசி, இடி.

ஷீட் கூரையில் நேரடியாகப் பேட்டனை அறையாதீர்கள். மதியம் ஷீட்டின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். சங்கிலியிலோ கம்பியிலோ ஒரு அடி கீழே தொங்கவிடுங்கள். ஹைபேயாக இருந்தால் டிரைவர் தனிப் பெட்டியில் வரும் மாடலை வாங்கி, அந்தப் பெட்டியைத் தூணில் கீழே இறக்கி மாட்டலாம். ஃபால்ஸ் சீலிங்கில் பேனல் மாட்டும்போது டிரைவரைப் பேனல் முதுகின் மேலேயே வைத்துவிட்டுப் போவது எலக்ட்ரீஷியன்களின் வழக்கம். அதைத் தள்ளி, சீலிங் சட்டத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள்.

நியூட்ரல் கோளாறுதான் ஒரே நிமிடத்தில் முப்பது லைட்டைக் கொல்வது. மூன்று பேஸ் வரும் கட்டடத்தில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக இருக்கும் பேஸில் வோல்டேஜ் 230லிருந்து 400ஐ நோக்கி ஏறும். குண்டு பல்பும் சோக்கும் இதைக் கொஞ்ச நேரம் தாங்கும். மலிவான டிரைவர் தாங்காது. ஆகவே ஒரு லைட்டையும் வாங்கும் முன்பே மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் ஃப்யூஸ் கட்டை போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு நியூட்ரல் லிங்க் போட வேண்டும். நியூட்ரலில் ஃப்யூஸ் இருக்கவே கூடாது. நியூட்ரல் முனைகளின் திருகுகளை முடுக்குங்கள். கறுத்த, உருகிய முனையை வெட்டி லக் அடித்து மாட்டுங்கள். இதற்கு ஒரு நாள் கூலி செலவாகும். அதைத் தவிர்த்தால் பிறகு டிரைவர்களாகச் செலவாகும். மூன்று பேஸ் கட்டடத்தில் ஓவர் வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் ரிலே ஒன்றும் போட்டுவிடுங்கள்.

தறிக்கூடத்தில் பஞ்சு டிரைவர் பெட்டியின் மேலும் அலுமினிய முதுகிலும் போர்வையாகப் படிந்து சூட்டை வெளியே விடாமல் அடைக்கும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி மேல் தாழ்வாகத் தொங்கும் லைட்டுகளுக்கு முழுதும் மூடிய ஐ.பி. 65 (தூசியும் நீரும் உள்ளே புகாது என்பதற்கான குறியீடு) பேட்டன் வாங்குங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை லைட்டை அணைத்து உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவுத் தூளும் ஈரமும் சேர்ந்திருப்பதால் அங்கேயும் ஐ.பி. 65தான். சாதாரணப் பேட்டனின் முனை மூடி வழியே மாவு உள்ளே போய் ஈரத்தில் களியாகிவிடும்.

தறியும் லேத்தும் ஓடும் இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மலிவான லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுழலும் பாகம் அதோடு ஒத்துப்போனால் நின்றுவிட்டது போலத் தெரியும், கையை நீட்டிவிடுவார்கள். மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால், விளக்கு மின்னினால், அந்த மாடல் இயந்திரக் கூடத்துக்கு ஆகாது.

வாங்கும்போது

பெட்டியிலும் லைட்டின் முதுகிலும் பி.ஐ.எஸ். முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெட்டியில் இருக்கும் பெயரும் அதுவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) 0.9க்கு மேல், டி.எச்.டி. (கரண்ட் அலையின் சிதைவு) 20 சதவீதத்துக்குக் கீழ், உள்வாங்கும் வோல்டேஜ் 140 முதல் 300 வரை, சர்ஜ் (இடி போன்றவற்றால் வரும் திடீர் வோல்டேஜ் எழுச்சி) தாங்கும் அளவு உள்ளே மாட்டுவதற்கு 2.5 கிலோவோல்ட்டாவது. இந்த நான்கும் பெட்டியிலோ கேட்டலாக்கிலோ இல்லை என்றால் கேளுங்கள். பதில் வராத பொருளை வாங்க வேண்டாம்.

எழுதியிருப்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பத்து 20 வாட் பேட்டனை ஒரே வயரில் எரியவிட்டு, ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டரைப் பேஸ் வயரில் மட்டும் போடுங்கள். 0.9 ஆம்பியர் காட்டினால் பவர் ஃபேக்டர் நல்லது. 1.7 காட்டினால் 0.5தான். சிறிய கடையின் மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணும் என்பதால் பில்லில் இது நேராகத் தெரியாது. ஆனால் வயர், யு.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாம் இரண்டு மடங்கு கரண்ட்டைச் சுமக்கும். மூன்று பேஸ் போர்டில் நிலைமை இன்னும் மோசமாகும். நல்ல டிரைவர்களாக இருந்து மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். மலிவான டிரைவர்களின் சிதைந்த (ஹார்மோனிக்) கரண்ட் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் கூடும். சில இடங்களில் பேஸை விட நியூட்ரல் அதிகம் சுடும்.

மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் ஒவ்வொரு மாடலிலும் இரண்டு வாங்கி, கட்டடத்திலேயே மிகச் சூடான இடத்தில் ஒரு வாரம் எரியவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்க முடிந்தால் நல்லது. உத்தரவாதம் பில்லோடு சேர்ந்து எழுத்தில் இருக்கட்டும். மாட்டும் நாளில் ஒவ்வொன்றின் முதுகிலும் தேதியை மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். உத்தரவாதக் காலம் முடியுமுன் போனதா, முடிந்த பிறகு போனதா என்ற வாக்குவாதமே வராது.

மாட்டும் வேலை

இரண்டு வழி உண்டு. பழைய ஃபிட்டிங்கிலேயே எல்.இ.டி. ட்யூப் போடுவது, ஃபிட்டிங்கையே கழற்றிவிட்டு முழுப் பேட்டன் மாட்டுவது. ஃபிட்டிங் நல்ல நிலையில், பளபளப்பான ரிஃப்ளெக்டரோடு இருந்தால் தவிர, பேட்டனே மேல். பழைய ட்யூப் ஹோல்டர்கள் சூட்டில் வறண்டு, திருப்பும்போதே உடையும். உடையாதவையும் லூஸ் கான்டாக்ட்டில் பொறி விடும்.

ட்யூப்தான் என்று முடிவு செய்தால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் சர்க்யூட்டிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். சில ட்யூபுகள் காப்பர் சோக் இருந்தாலும் எரியும். ஆனால் அந்தச் சோக் இருந்தபடியே கொஞ்சம் கரண்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். அடுத்து, ட்யூபின் மேல் வயரிங் படம் பாருங்கள். ஒரு முனையில் பேஸ், மறு முனையில் நியூட்ரல் கேட்கும் ட்யூப் ஒன்று. ஒரே முனையின் இரண்டு பின்னிலும் பேஸ், நியூட்ரல் கேட்கும் ட்யூப் இன்னொன்று. இரண்டாவது வகைக்கான ஹோல்டரில் இரண்டு பின்னும் தொடும் இடங்கள் உள்ளே ஒன்றாக இணைந்திருந்தால், போட்டவுடன் ஷார்ட். ஒரு கட்டடத்தில் ஒரே வகையைத்தான் வாங்க வேண்டும். மாற்றிய ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் "எல்.இ.டி. மட்டும், 230 வோல்ட் நேரடி" என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிற்காலத்தில் யாராவது பழைய ட்யூபை அதில் செருகினால் ஹோல்டர் கருகும், ட்யூப் வெடிக்கவும் கூடும்.

இரு முனை ட்யூபை மாட்டும்போது ஒரு முனை கரண்ட் உள்ள ஹோல்டரில் இருக்க, மறு முனையின் பின் கையில் பட்டால் ஷாக் அடிக்கும். ஆகவே சுவர் சுவிட்சை நம்பி வேலை செய்யக் கூடாது. போர்டில் எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இறக்கி, டெஸ்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது அடிக்கடி காணக்கூடியது. அப்படி இருக்கும் இடத்தில் அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கும். லைட்டைக் குறை சொல்லி மாற்றாதீர்கள். சுவிட்சைப் பேஸுக்கு மாற்றுங்கள். சிவப்பு இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும் இதே மினுக்கல் வரும்.

ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட், 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் என்பதே வழக்கம். எல்.இ.டி.யில் வாட் குறைந்துவிட்டதே என்று நாற்பது பேட்டனை ஒரே எம்.சி.பி.யில் கோக்காதீர்கள். போடும் அந்தக் கணத்தில் எல்லா டிரைவர்களின் கெப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் கரண்ட்டை உறிஞ்சும். எம்.சி.பி. விழும், அல்லது சுவிட்சின் முனை மெல்ல உருகி ஒட்டிக்கொள்ளும். பி வகைக்குப் பதில், போடும் கணத்துக் கரண்ட்டைக் கூடுதலாகத் தாங்கும் சி வகை 10 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு, ஒன்றுக்குப் பத்து பாயிண்டுக்கு மேல் போகாமல் பிரியுங்கள். எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டித்து ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்.சி.சி.பி.யும் இப்படித்தான். ஒவ்வொரு டிரைவரும் எர்த்துக்கு அரை மில்லி ஆம்பியர் வரை கசிய விடலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதி அளவிலேயே விழத் தொடங்கலாம் என்பதால், ஒன்றின் கீழ் முப்பது நாற்பது லைட் சேர்ந்தால் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிடும் பழக்கம் இங்கே இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. லைட்டுகளைப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போடுவதுதான் தீர்வு.

மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வயரிங்கைச் சோதிப்பதானால் லைட்டை மாட்டும் முன்பே சோதியுங்கள். 500 வோல்ட் டிரைவருக்குள் போனால் அது பிழைக்காது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருப்பும் டிம்மர் இருக்கும் இடத்தில் சாதாரண எல்.இ.டி. துடிக்கும். டிம்மரை எடுங்கள், அல்லது டிம்மருக்கென்றே செய்த லைட்டை வாங்குங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரைவர்கள் முனகும், சூடாகும். சைன் வேவ் வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே கையோடு ஒரு பலன்: 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் பத்து ட்யூப் இரண்டரை மணி நேரம் எரிந்தால், பத்து பேட்டன் ஏறக்குறைய ஆறு மணி நேரம் எரியும்.

படிக்கட்டு, கழிவறை, கோடவுன் மூன்றுக்கும் ஆள் வந்தால் எரியும் சென்சார் போடுங்கள். கழிவறையில் ஐந்து நிமிடத் தாமதம் வையுங்கள், கோடவுனில் பத்து. ஆளின் உடல் சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சார் மூட்டை அடுக்கின் பின்னால் இருப்பவரைப் பார்க்காது. சந்துக்கு ஒன்று வேண்டும். வாசல் லைட்டுக்கு ஃபோட்டோ சென்சார் போட்டால், அதன் மேல் அதே லைட்டின் வெளிச்சம் விழாத இடமாகப் பாருங்கள். விழுந்தால் இரவெல்லாம் எரிந்து எரிந்து அணையும்.

ஜவுளிக் கடையென்றால் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஒரு மாதம் முன்பே வேலை முடியட்டும். ஒரு தளத்தை முடித்து இரண்டு நாள் எரியவிட்டுப் பார்த்த பிறகே அடுத்த தளத்தைத் தொடுங்கள்.

ஏற்காட்டில்

மலை மேல் கணக்கு வேறு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் சூடு பிரச்சினை இல்லை. ஈரமும் இடியும்தான். பனி இறங்கும் மாதங்களில், பகலில் சூடாகி இரவில் குளிரும் ஃபிட்டிங் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதோடு வரும் ஈரம் கண்ணாடிக்குள் துளியாக நிற்கும். வெளியே மாட்டுவது எல்லாம் ஐ.பி. 66, ஸ்டெயின்லெஸ் திருகு, வயர் நுழையும் இடத்தில் நீர் புகாமல் வயரை இறுக்கிப் பிடிக்கும் சரியான அளவு கிளாண்ட். வயர் கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும். மழைநீர் வயர் வழியே உள்ளே போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். கிளாண்டுக்குப் பதில் டேப் சுற்றிய ஃபிட்டிங் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

விடுதிகளில் மெயின் கட்டடத்திலிருந்து குடில்களுக்கும் தோட்ட லைட்டுகளுக்கும் நீளமாக வயர் ஓடும். இடி விழும்போது அந்த நீளமே சர்ஜை வாங்கித் தரும். மெயின் போர்டிலும், ஒவ்வொரு குடிலின் போர்டிலும் சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். வெளி லைட்டுகள் 10 கிலோவோல்ட் சர்ஜ் தாங்குபவையாக இருக்கட்டும். எர்த் சரியில்லை என்றால் அரெஸ்டர் வெறும் அலங்காரம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. பல இடங்களில் மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. ஒரு குழி தோண்டி விட்டுவிட்டால் போதாது. எர்த் டெஸ்டரில் அளந்து, 5 ஓமுக்குக் கீழே வரும் வரை இரண்டு மூன்று குழிகளைக் காப்பர் பட்டையால் இணைக்க வேண்டியிருக்கும். ஈரமான மண் கிடைக்கும் தாழ்வான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் அளந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்; மழையில் எல்லா எர்த்தும் நன்றாக இருக்கும்.

தோட்டப் பாதைக்கு 3000 கெல்வின் போதும். நீலம் கூடிய வெண்மை ஈசலையும் பூச்சியையும் அதிகம் இழுக்கும். ஃபிட்டிங்கின் அடியில் குவிந்து கிடக்கும். மூடுபனியில் உயரக் கம்பத்து ஃப்ளட் லைட் வெள்ளைச் சுவராகத்தான் தெரியும். முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி மூடிய சிறு லைட்டுகளே வழி காட்டும்.

கழற்றியவற்றை என்ன செய்வது

காப்பர் சோக்குகளைத் தனியாகச் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். மாட்டுக்கூலியில் ஒரு பகுதி திரும்பும். ட்யூபையும் சி.எஃப்.எல்.லையும் மட்டும் அப்படிப் போடக் கூடாது. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. குப்பை வண்டியில் எறிந்தால் உடைந்து, முதலில் மூச்சில் வாங்குபவர் அந்தத் தூய்மைப் பணியாளர்தான். புது ட்யூப் வந்த அட்டைப் பெட்டியிலேயே பழையதை நிற்க வைத்து, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் எழுத்து ரசீதோடு கொடுங்கள். பாதரச விளக்குகள் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருபவை. ஒன்று உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, ஃபேனையும் ஏ.சி.யையும் அணைத்து, கால் மணி நேரம் வெளியே இருந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல் அட்டையால் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடிய டப்பாவில் போடுங்கள்.

பில் வந்ததும்

புதிய பில்லை அதற்கு முந்தைய பில்லோடு ஒப்பிட வேண்டாம். போன வருடம் அதே இரண்டு மாதத்து பில்லோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் வெயிலும் ஏ.சி.யும் கணக்கைக் குழப்பும். மிச்சம் நோட்டில் போட்ட எண்ணை விடப் பாதிதான் வந்திருந்தால், முதலில் மணிக்கணக்கைச் சரிபாருங்கள். இப்போது செலவு குறைவுதானே என்று பூட்டிய பிறகும் எரியவிட்டிருப்பார்கள்.

நிலைக் கட்டணம் உங்கள் இணைப்பின் கிலோவாட் அளவை வைத்துத்தான் வருகிறது. லைட் லோடு குறைந்ததால் அந்த அளவையும் குறைக்க மின்வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மாற்றிய கையோடு போகாதீர்கள். ஒரு ஏப்ரல், மே முழுக்க ஏ.சி.யோடு ஓடி, மீட்டரில் உச்ச லோடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகு, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு விண்ணப்பியுங்கள். குறைத்த பிறகு கோடையில் அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணமும், திரும்ப ஏற்ற வைப்புத்தொகையும் கட்ட வேண்டி வரும்.